அடிபட்ட தலையும் ஆடுகளமும்



கால் முறிந்த சிறுவனை மறுவாரமே பந்தின் பின்னே ஓடும்படி எவரும் ஏவுவதில்லை. அவன் காலிலுள்ள வெண்சாந்துக் கட்டே அவனுக்காகப் பேசிக்கொண்டிருக்கும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்த சிறுவனுக்கோ அத்தகைய சாட்சி எதுவுமில்லை. குருதி இல்லை, வீக்கமும் இல்லாதிருக்கலாம், உண்கிறான், பேசுகிறான், நடக்கிறான். ஆகவே அவன் எப்போது மீண்டும் ஓடலாம், எப்போது மீண்டும் ஆடலாம் என்னும் வினாவுக்குப் பார்ப்பவர் கண் விடை கூறமாட்டாது. அவ்வினாவுக்கு இன்றைய வைத்தியவியல் கூறும் விடை யாது என்பதே இப்பேச்சின் பொருள். கடந்த இருபது ஆண்டுகளில் அவ்விடை பெரிதும் மாறியிருக்கின்றது. அம்மாற்றம் எமது பாடசாலைகளையும் வீடுகளையும் இன்னும் முழுமையாக வந்தடையவில்லை என்பதே இதனைப் பேசத் தூண்டிய காரணம்.

ஆங்கில வைத்தியர் 'கன்கஷன்' என வழங்கும் இந்நிலையை நாம் மூளையதிர்ச்சி என்போம். மண்டையோட்டுக்குள்ளே நீர்மம் சூழ அமைந்திருக்கும் மென்மையான உறுப்பு மூளை. விரைந்தோடும் பேருந்து சடுதியாக நிற்கும்போது உள்ளே நிற்போர் முன்னே சாய்வதுபோல, தலை சடுதியாக அசைந்து நிற்குங்கால் மூளையும் உள்ளே அசைகின்றது. சற்றே முறுக்குண்ணவும் செய்கின்றது. இதற்குத் தலையில் நேரே அடிபட வேண்டுமென்பதில்லை. மார்பில் விழுந்த மோதல் தலையை வெட்டி ஆட்டினாலும் போதும். நுண்ணிய நரம்பிழைகள் இழுபட, உயிரணுக்களின் உள்ளே இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிகின்றது. வெளியே இருக்கவேண்டிய கல்சியம் உள்ளே புகுகின்றது. குலைந்த ஒழுங்கை மீட்பதற்கு மூளை மிகுந்த சக்தியைச் செலவிடுகின்றது. அதே வேளையில் மூளைக்கு வரும் குருதியோட்டமோ குறைகின்றது. செலவு பெருகிய வேளையில் வரவு சுருங்கிய குடும்பத்தின் நிலையே அது.

இவ்வாறு இது உருவக் கேடாக அன்றித் தொழிற்பாட்டுக் கேடாக இருப்பதனாலேதான் சாதாரண ஸ்கேன் படங்களில் பெரும்பாலும் எக்குறையும் தெரிவதில்லை. 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற சொல்லைக் கேட்டதும் பெற்றார் பிள்ளைக்கே ஒன்றுமில்லை என எண்ணி வீடு திரும்புவர். மண்டையோட்டுக்குள் குருதிக் கசிவு இல்லை என்பதையே படம் காட்டிற்று. மூளை அதிரவில்லை என்பதை அது காட்டவில்லை.

மயங்கி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்று கருதுவோர் பலர். மயக்கம் பத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், வெளிச்சத்தையும் இரைச்சலையும் பொறுக்கமாட்டாமை, கேட்ட வினாவுக்குத் தாமதித்து விடை கூறுதல், ஆட்டத்தின் நிலை யாதென மறந்துபோதல், காரணமின்றி அழுதல் அல்லது சினத்தல், இவையே வழக்கமான குறிகள். இவற்றுள் ஒன்று தோன்றினும், ஐயமே ஏற்படினும், பிள்ளையை ஆட்டத்திலிருந்து உடனே நீக்கவேண்டும். அன்றைய தினம் திரும்ப ஆடவிடலாகாது. இவ்விதிக்கு விலக்கில்லை. தலைவலி வரவர மிகுதல், மீண்டும் மீண்டும் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத உறக்கம், கைகால் சோர்வு, பொருள் இரண்டாகத் தெரிதல், கழுத்து எலும்பில் நோவு, உணர்விழத்தல் ஆகியவற்றுள் எதனைக் கண்டாலும் 1990 என்னும் இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸ் வண்டியைப் பெற்று வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். கழுத்து நோகும் பிள்ளையைத் தோழர் நால்வர் கைகால்களைப் பிடித்துத் தூக்கிச் செல்லும் வழக்கம் மிகக் கொடிது. அதனை விட்டொழித்தல் நன்று.

அடிபட்ட வேளையில் குறி எதுவும் தோன்றாமலும் இருக்கலாம். துடுப்பாட்ட அன்பர்களுக்கு 2019 ஆகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் நிகழ்ந்தது நினைவிருக்கும். அவுஸ்திரேலிய வீரர் ஸ்டீவ் ஸ்மித் 80 ஓட்டங்கள் பெற்றிருந்த வேளையில் ஜொவ்ரா ஆச்சர் வீசிய பந்து அவர் கழுத்தைத் தாக்கிற்று. களத்தைவிட்டுச் சென்ற அவரை அணி வைத்தியர் சோதித்தார், சோதனையில் தேறினார், சிறிது நேரத்தில் மீண்டும் வந்து ஆடி 92இல் ஆட்டமிழந்தார். மறுநாட் காலையில் தலைவலியும் மந்தமும் தோன்றவே, ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். மூளையதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கலாம் என்னும் விதி அம்மாதந்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. டெஸ்ட் ஆட்டத்தில் அவ்விதிப்படி முதன்முதல் இறங்கியவர் மார்னஸ் லபுஷேன். வைத்தியரும் கருவிகளும் அருகிலிருந்த தேர்ந்த வீரருக்கே மறுநாள்தான் குறி தோன்றியதென்றால், எங்கள் பாடசாலை மைதானத்தில் ஆசிரியர் ஒருவரும் நீர்ப்போத்தல் ஒன்றுமே உள்ளவிடத்து எத்துணை எச்சரிக்கை வேண்டும்?

அவ்வெச்சரிக்கை தவறினால் நேர்வது யாது என்பதைக் கனடாவில் நிகழ்ந்த ஒரு துயரம் காட்டும். ஒட்டாவா நகரைச் சேர்ந்த ரோவன் ஸ்டிரிங்கர் என்னும் 17 வயது மாணவி தன் பாடசாலை றக்பி அணியின் தலைவி. 2013 மே மாதத்தில், ஒரு வாரத்துக்குள்ளே, அவள் ஆட்டங்களில் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டாள். தலை நோயை அவள் உணர்ந்தாள். தனக்கு மூளையதிர்ச்சியோ எனக் கணினி வலையில் தேடியும் பார்த்தாள். தோழியருக்குக் கைபேசியில் எழுதியும் இருந்தாள். பெற்றாரிடமும் பயிற்றுநரிடமும் கூறவில்லை. மூன்றாம் முறை அடிபட்டு விழுந்தவள் உணர்வு திரும்பாமலே சில நாட்களில் மறைந்தாள். முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அதிர்ச்சி நேரும்போது மூளை கட்டுக்கடங்காது வீங்கும் இந்நிலையை வைத்தியர் 'இரண்டாம் தாக்கம்' என்பர். இது மிக அரிது. ஆனால் நேர்ந்தவர்களுள் இளையோரே பெரும்பாலர்.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டவர்கள் மறுதலையான வழியில் சென்றதும் உண்டு. பல ஆண்டுகளாக வைத்தியர் கூறிய அறிவுரை பூரண ஓய்வு என்பதே. இருட்டறையில் படுக்கவைத்து, புத்தகமின்றி, நண்பரின்றி, நடையுமின்றி, குறிகள் யாவும் நீங்கும்வரை காத்திருக்கச் செய்தனர். எம்மவர்க்கும் இது இயல்பாகவே உவப்பான முறை. தலைக்கு எண்ணெய் வைத்து, கதவைச் சாத்தி, 'பேசாமல் படு' என்னும் பாட்டிமாரின் வைத்தியத்துக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை. அன்பினால் விளைந்த முறைதான். ஆயினும் ஆராய்ந்து பார்த்தபோது அது பிழையெனத் தெரிந்தது.

2015இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 11 முதல் 22 வயது வரையான 88 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினரை 5 நாட்கள் கடும் ஓய்விலும், மற்றவரை ஓரிரு நாட்கள் ஓய்ந்தபின் படிப்படியாக நடமாடவும் விட்டுப் பார்த்தனர். கடும் ஓய்வில் இருந்தவர்களே கூடுதலான குறிகளைக் கூறினர். அடுத்த ஆண்டில் கனடாவின் வைத்தியசாலைகளிலிருந்து ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 5 முதல் 18 வயது வரையான 2,413 பிள்ளைகளுள், முதல் 7 நாட்களுக்குள் ஏதேனும் உடலசைவைத் தொடங்கியவர்களில் 24.6 சதவீதத்தினருக்கே 28ஆம் நாளிலும் குறிகள் நீடித்தன. தொடங்காதவர்களிலோ அது 43.5 சதவீதம். இலேசாக அடிபட்டவர்களே முதலில் எழுந்து நடந்திருப்பர், அதனாலேயே இவ்வேறுபாடு, என்று ஒருவர் மறுத்துக் கூறலாம், நியாயமான மறுப்பே. அதற்கு விடையாக அமைந்தது 2019இல் பஃபலோ பல்கலைக்கழக வைத்தியர் ஜோன் லெடியும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு. அதில் 103 இளைஞர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்தனர். ஒரு சாரார் நாள்தோறும் 20 நிமிடம், குறிகளைத் தூண்டாத அளவுக்கு, நாடித் துடிப்பு சற்றே உயரும்படி நடந்தனர் அல்லது நிலைமிதிவண்டி மிதித்தனர். மற்றவர் உடலை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும் செய்தனர். நடந்தோர் இடைநிலைக் கணக்கில் 13 நாட்களிலும், மற்றோர் 17 நாட்களிலும் தேறினர்.

அளவான உடற்பயிற்சி, குருதியோட்டத்தையும் இதயத் துடிப்பையும் ஒழுங்குசெய்யும் நரம்புகளை மீண்டும் பழக்குகின்றது, உறக்கத்தைச் சீராக்குகின்றது, தனித்துக் கிடக்கும் பிள்ளையின் மனச்சோர்வையும் போக்குகின்றது. 2022 அக்டோபரில் அம்ஸ்டர்டாம் நகரிற் கூடிய சர்வதேச மகாநாட்டினர் இவற்றையெல்லாம் ஆராய்ந்து அடுத்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், கடும் ஓய்வைக் கைவிட்டு, முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை அளவான ஓய்வும் அதன்பின் ஏணிப்படி ஏறுவது போன்ற திரும்புதலும் என விதித்தனர். அவ்வேணியைச் சற்று விரிவாகக் கூறுவேன். எழுதிக்கொள்ள விரும்புவோர் எழுதிக்கொள்ளலாம்.

முதலிரு நாட்களில் பிள்ளை படுக்கையிலேயே கிடக்கவேண்டியதில்லை. வீட்டுக்குள் நடக்கலாம், முற்றத்துப் பூச்செடிக்கு நீர் வார்க்கலாம், உண்ணலாம், பேசலாம். வைத்தியர் பார்த்தபின் உறங்கவும் தடையில்லை. விலக்கவேண்டியது கைபேசித் திரையும் தொலைக்காட்சியும். இவை முதலாம் படி. இரண்டாவது படி, மெல்லிய நடை. ஒழுங்கையில் காலையிலோ மாலையிலோ 10 அல்லது 15 நிமிடம் நடக்கட்டும். எமது நாட்டு நண்பகல் வெயிலில் நடந்தால் நல்ல தலையும் வலிக்கும். அப்போது எது வெயிலின் வலி, எது அடியின் வலி என்று பிரித்தறிய இயலாது. சைக்கிள் ஓட்டம் இப்போது வேண்டாம். நிலை தடுமாறி வீதியில் விழ நேரலாம்.

எவ்வளவு வேகம் என்பதை நாடி காட்டும். 220இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அப்பிள்ளையின் உச்ச நாடித் துடிப்பு எனக் கணக்கிடுவர். 15 வயதுப் பிள்ளைக்கு அது 205. இரண்டாம் படியின் முற்பகுதியில் இதன் 55 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 112. பிற்பகுதியில் விரைந்த நடையாகவோ மெல்லோட்டமாகவோ 70 சதவீதம், அதாவது ஏறத்தாழ 144. மணிக்கட்டில் விரல் வைத்து 15 வினாடி எண்ணினால் முன்னையது 28, பின்னையது 36. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒழுங்கையும் கைக்கடிகாரமும் ஓர் அப்பியாசக் கொப்பியும் போதும்.

கொப்பியில் எழுதவேண்டியது இதுவே. பயிற்சி தொடங்குமுன் 'உன் தலைவலிக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி இடுவாய்?' என்று கேளுங்கள். பூச்சியம் என்றால் வலியே இல்லை; பத்து என்றால் பொறுக்க முடியாத வலி. நடந்து வந்தபின் மீண்டும் கேளுங்கள். இரண்டு புள்ளி வரை ஏறி ஒரு மணி நேரத்துக்குள் தணிந்துவிட்டால் அது பொறுக்கத்தக்கதே, அஞ்சி நிறுத்தவேண்டியதில்லை. அதற்கு மேல் ஏறினால் அன்று நிறுத்தி, மறுநாள் மீண்டும் முயலலாம். வலியை மாத்திரையால் அடக்கிவிட்டுப் புள்ளி கேட்பது தராசுத் தட்டில் கைவைத்து நிறுப்பதை ஒக்கும்.

மூன்றாவது படி, விளையாட்டுக்குரிய தனிப்பயிற்சி. உதைபந்தாட்டக்காரன் தனியே பந்தை உருட்டி ஓடலாம். வலைப்பந்தாட்டக்காரி தனியே திசைமாறி ஓடிப் பழகலாம். தலையில் அடிபட வாய்ப்புள்ள எதுவும் கூடாது. இதற்கும் நான்காம் படிக்கும் இடையில் ஒரு வாயில் உண்டு. ஓய்விலும், களைக்க ஓடிய பின்னரும், குறி எதுவுமே இல்லாதிருக்கவேண்டும். வைத்தியரின் அனுமதியும் வேண்டும். அதன்பின் நான்காவது படியில் அணியினரோடு மோதலில்லாத பயிற்சி, ஐந்தாவதில் முழுப் பயிற்சி, ஆறாவதில் ஆட்டம். ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் தங்கவேண்டும். நான்காம் படிக்கு மேல் குறி திரும்பினால் மூன்றாம் படிக்கு இறங்கவேண்டும்.

ஆறு படிக்கு ஆறு நாள் என்று கணக்குப் பார்த்துப் போட்டித் திகதியைக் குறிப்போர் உளர். அது ஏணியின் மிகக் குறைந்த அளவே அன்றி இயல்பான அளவன்று. வளர்ந்தோர் பெரும்பாலும் இரு வாரத்தில் தேறுவர். பிள்ளைகளுக்கு நான்கு வாரம் வரை செல்லலாம். பிரித்தானிய அரசாங்கம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியோ, குறி இல்லாவிடினும் 21 நாட்களுக்கு முன் எவரும் போட்டி ஆட்டத்துக்குத் திரும்பலாகாது என்கின்றது. வைத்தியரும் வசதியும் அருகில் இல்லாத பாடசாலைகளுக்கு இந்த 21 நாள் கணக்கே பாதுகாப்பானது என்பது என் கருத்து. நான்கு வாரம் கடந்தும் தலைச்சுற்றோ தலைவலியோ நீடித்தால், 'நடிக்கிறான்' என்று ஒதுக்காமல் வைத்தியரிடம் மீண்டும் காட்டவேண்டும். கழுத்துத் தசையின் கோளாறோ, உட்காதிலுள்ள சமநிலைப் புலனின் குழப்பமோ காரணமாயிருக்கலாம். அவற்றுக்கென உடற்பயிற்சி வைத்தியம் உண்டு.

மைதானத்துக்கு முன்னே வகுப்பறை. முழு நேரக் கல்விக்குத் திரும்பாத பிள்ளை முழு ஆட்டத்துக்குத் திரும்பலாகாது. வாசிப்பும் மூளைக்கு உழைப்பே. வீட்டில் முதலில் 5 நிமிடம், பின் 15 நிமிடம் என வாசித்துப் பழகி, அரைநாட் பாடசாலை, பின் முழுநாட் பாடசாலை என வருதல் வேண்டும். பெரும்பாலானோர் 10 நாட்களுக்குள் வகுப்புக்கு முழுமையாகத் திரும்பிவிடுவர். ஆதலால் ஒரு மாதம் வீட்டில் நிறுத்துவதற்கு நியாயமில்லை. ஆசிரியர் செய்யவேண்டியவை சிறிய காரியங்களே: காலைக் கூட்டத்தில் வெயிலில் நிற்பதிலிருந்து விலக்கு, யன்னல் வெளிச்சம் கண்ணிற் படாத இருக்கை, பாடத்தின் நடுவே தலைசாய்க்கச் சிறிது இடைவேளை, தவணைப் பரீட்சையை ஒரு வாரம் பிற்போடுதல். புலமைப்பரிசில் பரீட்சையும் சாதாரண தரப் பரீட்சையும் அடுத்து நிற்கும் ஆண்டுகளில் பெற்றார் இதற்கு இசைவதில்லை. மைதானத்திலிருந்து பிள்ளையை ஒரு மாதம் நிறுத்த உடனே உடன்படும் அதே தந்தை, இரவு பத்து மணி வரையான தனியார் வகுப்பிலிருந்து ஒரு நாள் நிறுத்த உடன்படார்.

இதுவரை கூறியவை யாவும் ஒன்றையே நம்பி நிற்கின்றன. பத்துக்கு எத்தனை என்ற வினாவுக்குப் பிள்ளை உண்மை கூறவேண்டும். படம் காட்டாததை, நாடி முழுமையாகச் சொல்லாததை, அவன் வாய்தான் சொல்லும். வேறு அளவுகோல் எம்மிடம் இல்லை. அந்த அளவுகோலைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் நாமே. 'காயத்தைப் பொருட்படுத்தாது ஆடி வெற்றி தேடித் தந்தான்' என்று பரிசளிப்பு விழாவில் அதிபர்களாகிய நாம் புகழ்கின்றோம், மண்டபம் கைதட்டுகின்றது. அதைக் கேட்டு அமர்ந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளை ஒரு பாடம் படித்துக்கொள்கின்றது. அணியில் தன் இடம் போய்விடும், தோழரைக் கைவிட்டவனாவேன், வீட்டில் விளையாட்டையே நிறுத்திவிடுவர் என்று அஞ்சும் பிள்ளை, எட்டை இரண்டென்றே சொல்லும். ஆகவே அடிபட்டுத் திரும்பும் வீரனுக்கு அணியில் அவன் இடம் காத்திருக்கும் என்பதைப் பயிற்றுநர் முன்கூட்டியே எல்லோர் முன்னிலையிலும் கூறிவிடவேண்டும். தோழனுக்காகத் தோழன் வந்து சொன்னால் அதைக் கோள் எனக் கொள்ளாதிருத்தலும் வேண்டும்.

ஒட்டாவாத் துயரத்தை விசாரித்த மரண விசாரணைச் சபையார் 2015இல் 49 பரிந்துரைகளை முன்வைத்தனர். 2018இல் ஒன்ராறியோ மாகாண சட்டசபை அம்மாணவியின் பெயராலேயே 'ரோவன் சட்டம்' என ஒன்றை நிறைவேற்றிற்று. அதன்படி அம்மாகாணத்தில் விளையாட்டு அமைப்புகளில் சேரும் 26 வயதுக்குட்பட்டோரும், 18 வயதுக்குட்பட்டவராயின் அவர்தம் பெற்றாரும், பயிற்றுநர்களும் ஆண்டுதோறும் மூளையதிர்ச்சி பற்றிய குறிப்புகளை வாசித்து, குறி தோன்றினால் மறைக்காது கூறுவதாக ஒழுக்கக் கோவையொன்றை ஏற்று உறுதி செய்யவேண்டும். செப்டெம்பர் மாதத்துக் கடைசிப் புதன்கிழமை அவள் பெயரால் நினைவு நாளாகக் கொள்ளப்படுகின்றது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அவ்வுறுதியை ஏற்று மைதானத்தில் இறங்கும் பிள்ளைகளுள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அங்கு சென்று குடியேறியோரின் பேரப்பிள்ளைகளும் உளர்.